மூணாவது மாடிக்குப் போ

“பொன்னழகு, மூணாவது மாடி குடோனுக்குப் போய் லைனிங் துணி எத்தனை கலர் இருக்குன்னு பாத்துட்டு வா.”

சூப்பர்வைசர் தாஹிரா சொன்னதும் பொன்னழகு மாடிப்படியைப் பார்த்தாள். காலையிலிருந்து இது நாலாவது தடவை. லிஃப்ட் கஸ்டமர்களுக்கு மட்டும்தான்.

பத்து நாளைக்கு முன்புதான் அவள் இடது காலில் சுருண்டு புடைத்திருந்த நரம்புக்கு லேசர் வைத்திருந்தார்கள்.

“நின்னுக்கிட்டே பாக்குற வேலைன்னா கவனமா இருங்கம்மா. கவனிக்காம விட்டா வேற நரம்புல திரும்ப வரும்” என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார்.

கடையில் யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு அம்மை என்று சொல்லி லீவு எடுத்திருந்தாள். போன வருசம் கால் வலிக்குது என்று சொன்ன, கூட வேலை பார்த்த ஷைனியை அந்த மாதமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். திண்டுக்கல்லிலேயே பெரிய ஜவுளிக்கடை. வேலைக்காரர்கள் உட்கார இடம் தரணும் என்ற சட்டத்துக்காக ஸ்டூல் போட்டிருந்தார்கள். முதலாளி கேமராவில் பார்ப்பார் என்று ஒருத்தரும் உட்காருவதில்லை.

படியேறும்போது முழங்காலுக்குப் பின்னால் சுருக்கென்றது. நின்று தடவிப் பார்த்தாள். புடைத்திருக்கிறதா, இல்லையா? ஒன்றும் தெரியவில்லை. பயம் மட்டும் கூடியது.

இறங்கி வந்ததும் பக்கத்து கவுண்டர் லிடியா கிசுகிசுத்தாள்.

“ஒன்னைய மட்டும் ஏன்டி இப்படி விரட்டுது அந்தம்மா? நீயா வேலைய விட்டுப் போகட்டும்னு பாக்குதோ என்னமோ.”

அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

“பொன்னழகு, மேல போய் டவல எண்ணிட்டு வா.”

எண்ணிவிட்டு இறங்கியபோது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் தாஹிரா நின்றிருந்தாள். அங்கே கேமரா கிடையாது.

“சேலையக் கொஞ்சம் தூக்கு. காலப் பாக்கணும்.”

“ஒண்ணுமில்லக்கா...”

“தூக்குன்னு சொல்றேன்ல.”

கரையைப் பிடித்துத் தூக்கினாள். டாக்டர் போடச் சொன்ன இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் தெரிந்தது. பொன்னழகுக்கு அழுகை வந்துவிட்டது.

“பொய் சொன்னது தப்புத்தான்க்கா. அதுக்காக இப்படி மாடி மாடியா ஏறவிட்டுத் துரத்தாதீங்க. திரும்ப வந்துருமோன்னு பயந்து சாகுறேன். இன்னொரு தடவ லேசர் வைக்க எங்களால ஏலாது.”

தாஹிரா குனிந்து அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“வீக்கம் இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

“அக்கா?”

“நீ லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே நடையப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். உக்கார வச்சா முதலாளி காரணம் கேப்பாரு. ஒரே எடத்துல நின்னாத்தான் ரத்தம் கீழ தேங்கும். நடந்தா கெண்டைக்கால் சதை அத மேல தள்ளி விட்டுரும். நீ எண்ணுன டவலு, லைனிங் அம்புட்டையும் நேத்தே நான் எண்ணி வச்சுட்டேன்.”

பொன்னழகு சேலையை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

தாஹிரா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள்.

“எனக்கு ரெண்டு தடவ லேசர் வச்சாச்சு. மொத தடவ வச்சுட்டு வந்தப்ப, என்னைய இப்படி நடக்கவிட ஆளில்ல.”