அழியக்கூடாத ஆட்டம்

"பாட்டரிய மட்டும் கழட்டிடாதீங்க, அண்ணாத்தே. எங்க ஊட்டுக்காரரு ஆடுன ஆட்டம் உள்ளயே கீது. அது அழிஞ்சா அவ்ளோதான்" என்று, திரை இருண்டுபோன சதுரங்கக் கணினியைக் கொடுத்தாள் சாமுண்டீஸ்வரி.

அவர் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்க வாயெடுத்த அம்பத்தூர் மெக்கானிக் துலுக்கானம், நாகரிகம் கருதி அடக்கிக்கொண்டார்.

அந்தத் திரை எந்தக் கடையிலும் இல்லை. மூன்று வாரம் அலைந்து, திருமழிசையில் உதவாமல் கிடந்த அதே வகைக் கணினியிலிருந்து கழற்றி வந்தார். போனவரின் ஆட்டம் அழிந்துவிடக் கூடாதே என்று, பாட்டரியை அகற்றாமலே மூச்சடக்கித் திரையைப் பற்றவைத்தார்.

திரையில் காய்கள் தெரிந்தன. அவள் அழுவாள் என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாமுண்டீஸ்வரி வாசலை நோக்கிக் குரல் கொடுத்தாள்: "யோவ், சைக்கிள நிறுத்திட்டு உள்ள வா! மிஷினையே ஜெயிச்சேன்னு ஆவடி பூரா சொல்லிக்கினு திரியிறியே, வந்து பாரு. செத்துக் கெடக்கறது உன் ராஜா!"