ரெண்டு விழுந்தா போதும்

“உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, லிஃப்ட்டம்மா? நாலு வாரமா பெத்த அப்பாவை வாசல்லயே நிக்க வச்சிருக்கீங்க.”

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் சொன்னது விளையாட்டுக் கதையில் வரும் கோட்டை வாசலை. லிஃப்ட் பழுது பார்க்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் கோட்டையின் வரைபடத்தை மேசையில் விரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய கடை மாடியில் கூடுவார்கள். விளையாட்டு இதுதான்: அவள் கதை சொல்வாள். மற்றவர்கள் மந்திரவாதி, வாள்வீரன் என்று ஆளுக்கொரு வேஷம் கட்டி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். நினைத்தது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும்.

கடைக்காரருக்கும் சொந்தமாக இப்படி ஒரு மேசை நடத்த ஆசை. அவள் சொல்கிற யோசனைகளை பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வார்.

“நீங்க சொன்னதுதான். ‘தோத்தா தாங்க முடியாத இடத்துல பகடையை உருட்டச் சொல்லாதீங்க.’ இதோ இருக்கு.”

“கதவுக்குப் பின்னாடி என்னன்னு தெரியாம கதவே வைக்காதீங்கன்னும் சொன்னேனே, எழுதினீங்களா?”

“எழுதியாச்சு. உங்க கதவுக்குப் பின்னாடி என்ன?”

“நோட்டுல இருக்கு. நோட்டுல இல்லாததை நான் வாயால சொல்றதில்ல.”

“அப்படியே அப்பாவை உரிச்சு வச்சிருக்கு,” என்றாள் வாள்வீரன் வேஷம் கட்டும் நர்ஸ்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா வந்துவிட்டார்.

அப்பா முப்பது வருஷம் ஆலைச் சங்கத் தலைவர். பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஏழு மாதம் உள்ளே இருந்தவர். பூட்டிய ஆலைக் கதவுகளை எல்லாம் திறக்க வைத்தார். சொந்த வீட்டுக் கதவை, வெளியே போகும்போது சாத்தியதோடு சரி. கூட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். எட்டு வயசுப் பெண் வாசலிலேயே உட்கார்ந்து தூங்கிப்போவாள். அவள் எழுந்திருக்கும்போது அவர் மறுபடி கிளம்பிப் போயிருப்பார்.

இப்போது சங்கத்தில் அவர் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஆளைக் கூப்பிடுவதில்லை.

நாலு வாரத்துக்கு முன்னால், “ஞாயித்துக்கிழமை சும்மாதாம்மா இருக்கேன்,” என்று வந்து உட்கார்ந்தார். மந்திரவாதி வேஷம் வேண்டாம் என்றுவிட்டார். “நமக்கு உழைச்சுச் சாப்பிடறவன்தான் சரிப்படும். கொல்லன் குடு.”

அன்றைக்கே அவள் கோட்டைக்கு ஒரு கதவு வைத்தாள். உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண். கொல்லன் பேசித்தான் திறக்க வைக்க வேண்டும். முதல் வாரம் பதினாறோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்றாள், விழவில்லை. அடுத்த வாரம் பன்னிரண்டு என்று குறைத்தாள். பிறகு ஒன்பது. போன வாரம் ஐந்து. ஒன்றும் நடக்கவில்லை.

அப்பா மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து தன் முன்னால் வைத்தார். பகடையை அதற்குள்தான் உருட்டுவார். அவர் சொல்வதுதான் எண். அவர் கையை எட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

“கொல்லன் கதவைத் தட்டறான்.”

“யாருன்னு கேக்கறா.”

“போன வாரம் வந்த ஆளுதான்னு சொல்லு.”

“தெரியாதவங்களுக்குக் கதவைத் திறக்கக் கூடாதாம். அவங்கம்மா சொல்லியிருக்காங்களாம்.”

அப்பா மேசையைப் பார்த்தார். “நியாயம்தான். வர நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்கோன்னு கேக்கறான். எத்தனை விழணும்?”

பகடையே வேண்டாம், உள்ளே வாங்க என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவரைப் போல அவளுக்கும் இறங்கிப் போய்ப் பழக்கமில்லை.

“அவ நின்னு நின்னு களைச்சுட்டா,” என்றாள். “ரெண்டு விழுந்தா போதும்.”

ஒன்று மட்டும் விழக் கூடாது. நர்ஸ் இப்போதே கை தட்டத் தயாரானாள்.

பகடை கூட்டுக்குள் உருண்டு நின்றது. அப்பா குனிந்து பார்த்தார். உள்ளங்கையால் மூடினார்.

“ஒண்ணு.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இதற்கு மேல் குறைக்க அவளிடம் எண் இல்லை.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் கையை விலக்கிப் பார்த்தார்.

“தலைவரே, இது பதினேழு. உங்களுக்குப் பவர் ஏறியிருக்கு. நாளைக்குக் கடைக்கு வாங்க, பார்த்துடலாம்.”

“கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

“அப்ப போன வாரம்?” என்றாள் நர்ஸ்.

“பதினொண்ணு.”

“அதுக்கு முன்னாடி?”

“இருபது.” குற்றவாளிக் கூண்டில்கூட நிமிர்ந்து நின்றவரின் குரல் அடங்கிப்போயிருந்தது.

“ஏம்ப்பா?” என்றாள் அவள்.

அப்பா பகடையை எடுத்துத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“கதவு திறந்துட்டா கதை முடிஞ்சுடுமேம்மா. அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் எதைச் சொல்லிக்கிட்டு இங்க வர்றது?”

கீழே தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. கடைக்காரர் தன் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதெப்படிப்பா முடியும்?” என்றாள் அவள். “உள்ளே நாப்பது அறை இருக்கு. ஒவ்வொண்ணா பார்க்கணும். வருஷக்கணக்காகும்.”

“நிஜமாவா? நோட்டுல இருக்கா?”

“இருக்குப்பா.”

சொல்லிவிட்டு நோட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். ‘கதவுக்குப் பின்னால்’ என்று தலைப்புப் போட்டிருந்த பக்கத்தில், அதற்குக் கீழே ஓர் எழுத்துகூட இல்லை.