குளிர் அறையில் இரண்டு பேர்

பூக்கடையின் குளிர் அறையில் நீல வெளிச்சம். இயந்திரம் லேசாக இரைகிறது. ரோஜாக்களுக்கு நடுவே காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முதலாளியக்கா அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டிருக்கிறார். பூங்கொத்து கட்டுகிறவள் வாசலில் திகைத்து நிற்கிறாள். மாதவிடாய் நின்றதிலிருந்து அவளுக்கு உடம்பு திடீரென்று கொதிக்கிறது, காரணமில்லாமல் அழுகை முட்டுகிறது. புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்து, வேலையை விடுவதாகச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். "கதவைச் சாத்துடி, குளிரெல்லாம் போகுது!" என்கிறார் முதலாளியக்கா. "அக்கா, உங்களுக்குமா?" "ரெண்டு வருஷமா. நேத்து ரிப்பன் சிக்கிக்கிச்சுன்னு ஒப்பாரியே வச்சேன்." அவளுக்குச் சிரிப்பு பீறிடுகிறது. அக்காவும் சேர்ந்துகொள்ள, இருவர் மூச்சும் வெண்புகையாக ரோஜாக்களின் மேல் மிதக்கிறது. "என்னமோ சொல்ல வந்தியே?" "மறந்துபோச்சுக்கா," என்கிறாள் கண்ணைத் துடைத்தபடி. "அதுவும் இதுல சேர்த்திதான்டி!"