ஐந்தரை அங்குலம்

கண்ணாடி மேசையில் பச்சைத் துணியை விரித்து, மூன்று ரிவோல்வர்களை வரிசையாக வைத்தாள் கடைக்காரப் பெண்.

மூன்றும் ஒரே அச்சு. குழலின் நீளம் மட்டும் வேறு. நாலே முக்கால் அங்குலம், ஐந்தரை, ஏழரை.

நீதான் பார்த்துச் சொல்லவேண்டும் என்று மரியோ வாகீசனின் தோளில் தட்டினான்.

கனடாவின் ஸ்காபரோவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருவரும் பதினொரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மெஷின். சனிக்கிழமைகளில் மரியோ கௌபோய் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு கிளப்புக்குப் போவான். இரும்புத் தட்டுகளை ஓடி ஓடிச் சுடுகிற விளையாட்டு. பழைய காலத்து ரிவோல்வர்தான் அங்கே செல்லும். ஒவ்வொரு வெடிக்கும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்கவேண்டும். இத்தனை நாளும் இரவல் ரிவோல்வரில் விளையாடிக்கொண்டிருந்தான். கைத்துப்பாக்கி வாங்குவதை இன்னும் சில மாதங்களில் அரசாங்கம் நிறுத்தப்போகிறது. அதற்குள் சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டும். வாங்குவதென்றால், விஷயம் தெரிந்தவன் ஒருவன் கூட வரவேண்டும்.

விஷயம் தெரிந்தவன் வாகீசன் என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்ச் சனம் கூடுகிற மோர்னிங்சைட்டில் தெரியும். கோயிலில் தெரியும். வாகீசன் ஊரில் புலிகள் இயக்கத்தில் இருந்தவன்.

அவன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

கனடா வந்த புதிதில் யாரோ அவனுடைய முன்கைத் தழும்பைப் பார்த்து, ஷெல் பட்டதோ என்று கேட்டார்கள். அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். அவ்வளவுதான். மிச்சத்தைச் சனம் பார்த்துக்கொண்டது. கலியாண வீடுகளில் அவனுக்கு முன்வரிசையில் கதிரை கிடைத்தது. அவன் வந்தால் பெரிய வாய்க்காரர்கள்கூடக் குரலைத் தணித்தார்கள்.

அந்தத் தழும்பு, நீர்கொழும்பில் ஒரு பேக்கரியில், பாண் வேகும் போறணை அடுப்பின் தகடு சுட்டது. சண்டை நடந்த வருடங்களில் அவன் அங்கே மா குழைத்துக்கொண்டு, வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் அழைப்புக்குக் காத்திருந்தான். துப்பாக்கியை ஆமிக்காரரின் கையில் பார்த்ததுதான்.

கடைக்காரப் பெண் ஏழரையை எடுத்து, குண்டில்லை என்று காட்டி, அவனிடம் நீட்டினாள்.

ஏழரை என்ற எண்ணே அவனுக்குப் பிடிக்கவில்லை. சனி பிடித்த எண். ஆனாலும் வாங்கினான்.

நினைத்ததைவிடப் பாரம். முன்பக்கம் தாழ்ந்தது. தாழாமல் பிடிக்க விரல்களை இறுக்கினான். அதில் ஒரு விரல் விசையில் இருந்தது. குழல் மரியோவின் வயிற்றைப் பார்த்தது.

மரியோவின் சிரிப்பு நின்றது.

"இஞ்சருங்கோ, உந்தத் துவக்கை இஞ்சை தாங்கோ."

வாகீசனின் மனைவி தவமலர். காருக்குள் வெக்கை என்று கூடவே உள்ளே வந்து, அதுவரை கதவடியில் நின்றவள்.

அவள் அவனுடைய விரலை விசையிலிருந்து மெல்ல விலக்கினாள். ரிவோல்வரை வாங்கி, குழலை நிலத்துக்குத் திருப்பினாள். பக்கத்து மூடியைத் திறந்து, உருளையைச் சுற்றி, ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைக்காரப் பெண் முதலே காட்டியிருந்தும் பார்த்தாள். பிறகு ஆளில்லாத சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கையை உயர்த்தி, கண்ணைத் திறந்து, முன்குறி எங்கே போய் நிற்கிறது என்று கவனித்தாள்.

அடுத்ததையும் அப்படி. அதற்கடுத்ததையும்.

முருங்கைக்காய் பொறுக்குகிறபோது அவளுக்கு இருக்கிற முகம்தான்.

"நடுவானதை எடுக்கச் சொல்லுங்கோ. கட்டையானது கையிலை துள்ளும். நீட்டானது உறையிலையிருந்து கெதியா வராது."

வாகீசன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். மரியோவுக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. மனைவியையும் நன்றாகத்தான் பழக்கி வைத்திருக்கிறாய் என்று மறுபடி தோளில் தட்டினான். ஐந்தரை அங்குலத்தை வைக்கப் பெட்டி வந்தது.

வெளியே வந்து, மரியோ தன் காரில் போய்விட்டான். தங்கள் காருக்குள் ஏறியும் வாகீசன் அதை எடுக்கவில்லை.

கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடம். அதற்கு முன் அவள் எங்கே இருந்தாள் என்று அவன் துருவிக் கேட்டதில்லை. கேட்டால் தன்னுடையதையும் சொல்லவேண்டி வரும். அவளுடைய குடிவரவுப் பத்திரத்தை நிரப்பியதும் அவன்தான். அந்த வருடங்களுக்கு, வீட்டில் இருந்தேன் என்று எழுதச் சொன்னாள். எழுதினான்.

"நான் இயக்கத்திலை இருக்கேல்லை" என்றான்.

"தெரியும். கலியாணம் கட்டின கிழமையே தெரியும்." அவள் சீற் பெல்ட்டை இழுத்துப் போட்டாள். "அப்பிடியே இருக்கட்டும். சனம் உங்களைப் பாக்கேக்கை என்னை ஒருத்தரும் பாக்கிறேல்லை."

ஆவணியில் ஒரு கலியாண வீடு. ஊரிலிருந்து மகளிடம் புதிதாக வந்திருந்த கமலாம்பிகை என்ற வயதான அம்மா, சாப்பாட்டு மேசையைக் கடந்து போனவர், திரும்பி வந்து தவமலரின் முன்னால் நின்றார். நெடுநேரம் முகத்தையே பார்த்தார்.

"பிள்ளை, உம்மை எங்கையோ கண்டிருக்கிறன். கிளிநொச்சியிலையோ?"

மேசையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். தவமலர் சோற்றுக்குள் வைத்த கையை எடுக்கவில்லை.

வாகீசன் எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றான்.

"என்னைத்தான் கண்டிருப்பியள் அன்ரி. நான்தான் அங்கை ஆறு வருசம் இயக்கத்திலை நிண்டனான்."