பொருந்தாத கார்புரேட்டர்

மூன்றாவது நாளாக அரம் பிடித்து மெக்கானிக்குக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. பழைய இன்ஜினில் கார்புரேட்டரைத் தாங்கும் இரும்புக் குழாயான மேனிஃபோல்டில், கார்க்காரர் கொண்டுவந்த கார்புரேட்டர் உட்காருவேனா என்றது.

"ஆறு மாசம் அலைஞ்சு, பழைய இரும்புக்கடையில பிடிச்சேண்ணே. ஒரிஜினல்!" என்றார் நொண்டியபடி வந்த கார்க்காரர்.

"ஒரிஜினல்தான், அதான் வம்பு. இருபது வருஷம் முன்னாடி இந்த வண்டிக்கு இது எங்கேயும் கிடைக்கல. அதனால ஒரிஜினல் மேனிஃபோல்டையே கழட்டிட்டு, வேற கார் கார்புரேட்டரை அதோட மேனிஃபோல்டோட மாட்டினேன்."

"கழட்டினது எங்கண்ணே?"

மெக்கானிக்கின் கை நின்றது. இருபது வருஷமாகப் பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடப்பது அதுதானே! இந்த மரமண்டைக்கு மூன்று நாளாக உறைக்கவில்லையே!

அரத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். கதவுக்கு ஒரு செங்கல்தான் முட்டுக் கொடுத்திருந்தது.

"இங்க கிடந்த இரும்பு எங்க தம்பி?"

கார்க்காரர் கட்டுப்போட்ட கால்விரலைப் பார்த்துக்கொண்டார்.

"வர்றப்பல்லாம் காலைப் பதம் பார்த்துச்சுண்ணே. போன வாரம் நான்தான் இரும்புக்கடையில கொண்டுபோய்ப் போட்டேன். என் கண்ணெதிர்லயே உருக்குறதுக்கு லாரியில ஏத்திட்டான். அதுக்கு ஈடாத்தான் இந்தக் கார்புரேட்டரைக் கொடுத்தான்."

மெக்கானிக் திரும்ப வந்து அரத்தை எடுத்தார்.