முதல் தோசை

குமரவேல் பாகம் பாகமாகப் பூட்டிச் செய்த ரோபோ கை, முதல் தோசையை முறுகலாகத்தான் வார்த்தது. பிறகு வேண்டுமென்றே அதைக் கிழித்து, அவன் மனைவி சுபாஷினியின் தட்டில் போட்டது. நான்கு நாளாக இதே கூத்து.

"சனியனே, நல்ல தோசைய ஏன் கிழிக்கிறே?" என்று எரிந்து விழுந்தான்.

"என்னைப் பாத்துதானே கத்துக்குச்சு? பிஞ்சு வர்ற முதல் தோசைய எப்பவும் நான்தானே சாப்பிடுவேன். விடுங்க," என்றாள் சுபாஷினி.

அவள் பழக்கிய அத்தனையையும் ரோபோவிலிருந்து அழித்தான். கையசைவை ரோபோவுக்குக் கற்றுத்தரும் பயிற்சிக் கையுறையை இம்முறை தானே மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றான். "இனிமே என்னைப் பாத்துக் கத்துக்க!"

கல் சரியாகக் காயவில்லை. தோசை பிய்ந்து வந்தது. யோசிக்காமலே அவன் கை சுபாஷினியின் தட்டுக்கு நீண்டது.

ரோபோவில் பச்சை விளக்கு எரிந்தது. பாடம் பதிவாகிவிட்டது.