கோச்சை மாத்து!

"இன்னாங்க, 'ஆவடி மாமே' வர்ற நேரம்! மீசையும் கீசையுமா ஒரு தடியன் வந்து நின்னா நீங்கதான் பேசணும், சொல்லிட்டேன்!"

ஜுபைதா வாசலுக்கும் டிவிக்கும் நடுவே நடையாய் நடந்தாள். அவள் கணவன் ஹாஜா மொய்தீன் சமோசாத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"தைரியம் இருந்தா பூந்தமல்லிக்கு வாடான்னு குரூப்ல எழுதுனது யாரு? நானா?"

ஆவடிப் பெண் மதிவதனிக்குப் பதினைந்து வயது. சிமெண்ட் தரையில் சக்கர ஷூ கட்டிப் பழகியவள், இன்று ஐஸ் மேல் சுழன்று ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் வெளிநாட்டுப் போட்டிவரை போய்விட்டாள்; சற்று நேரத்தில் டிவியில் வரப்போவது அதுதான். கனடாவிலிருந்து ஒரு பெரிய கோச் தன்னிடம் பயிற்சிக்கு வரச் சொல்லி அழைத்திருந்தார். 'சின்னதுலேர்ந்து சொல்லிக் குடுக்குற என் மேமை விட்டுட்டுப் போக மாட்டேன்' என்று மதி மறுத்துவிட, ரசிகர் குரூப் இரண்டாக உடைந்தது. மேம் கட்சிக்கு ஜுபைதா தலைவி. 'கோச்சை மாத்து' கட்சிக்கு, ஆவடி மாமே என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவர். மதியும் அந்த குரூப்பில் இருந்தாள். எதுவும் எழுத மாட்டாள், ஆனால் ஒன்று விடாமல் படிப்பாள்.

காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், கைத்தறிப் புடவையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி.

"ஜுபைதாவா? நான் ஹேமாவதி. நான்தாங்க ஆவடி மாமே."

ஜுபைதாவுக்கு வாய் மூடவில்லை. பிறகு வந்த சிரிப்பில் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. "அய்யய்யோ! உங்களையா வாடா போடான்னு எழுதிகினு இருந்தேன்!"

சமோசா பாதி காலியாவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

"பறை மேளத்துக்கு ஐஸ் மேல ஆட வெச்சாங்களே, யாருக்குக்கா தோணும்? மேமுக்குத்தான் தோணும்!"

"மேளம் நல்லாத்தான் இருக்கு. முட்டி? சிமெண்ட் தரையில குதிச்சுக் குதிச்சு அந்தப் பொண்ணு முட்டி என்ன ஆகும்? அந்தம்மா ஐஸ்ல காலே வெச்சதில்ல. யூடியூப் பார்த்துட்டுச் சொல்லிக் குடுக்குது. அதுவும் ஒரு கோச்சா?"

"ஒரு வீடியோல மூஞ்சி காட்டியிருக்காங்களா? பேரைச் சொல்லியிருக்காங்களா? எல்லாப் பேரும் மதிக்கே போவட்டும்னு கீறாங்க. அப்பேர்ப்பட்ட மனுஷி!"

"காட்டுற மூஞ்சியா இருந்தா காட்டியிருக்கும்" என்றாள் ஹேமாவதி, சமோசாவைக் கடித்தபடி.

ஜுபைதாவுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் டிவியில் பறை அதிர்ந்தது. சிவப்பு உடையில் மதி!

"உடை சூப்பர்க்கா!"

"பேசாத, ட்ரிபிள் வருது!"

காற்றில் மூன்று சுற்று. இதுவரை போட்டியில் மதி ஒருமுறைகூட விழாமல் இறங்கியதில்லை. ஹேமாவதி ஜுபைதாவின் கையை நகம் பதியப் பற்றினாள். மதி ஓடி வந்தாள், எழும்பினாள், பம்பரமாய்ச் சுழன்றாள். ஒற்றைக் காலில் பூப்போல இறங்கினாள்.

இரண்டு பெண்களும் போட்ட கூச்சலில் ஹாஜா மொய்தீன் டீயைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டான். ஜுபைதா சோபா மேல் ஏறிக் குதித்தாள். ஹேமாவதி பக்கத்தில் ஏறி நின்று விசிலடித்தாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"ஒண்ணுமில்லீங்க, நம்ம பொண்ணு மெடல் வாங்கப் போவுது!" என்று கத்தினாள் ஜுபைதா.

வாங்கியும் விட்டது. மூன்றாவது இடம், வெண்கலம். இருவரும் கட்டிக்கொண்டு சுற்றினார்கள்.

மதியிடம் யாரோ மைக்கை நீட்டினார்கள். அவள் தமிழிலேயே பேசினாள்.

"எல்லாருக்கும் நன்றி. நல்லா யோசிச்சுட்டேன். நான் கனடா கோச்கிட்டயே போறேன்."

ஜுபைதா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். குரூப்பில் செய்திகள் கொட்டின: 'மாமே ஜெயிச்சிட்டாரு!' ஹேமாவதி கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமாக்கா?" ஜுபைதா டிவியை அணைத்தாள். "எழுதி எழுதியே அந்தப் புள்ள மனசக் கலைச்சிட்டீங்க. சின்னதுலேர்ந்து வளர்த்து வுட்டவங்க, இந்நேரம் எந்த மூலைல குந்திகினு அழுவுறாங்களோ! அவங்கள நெனைச்சிங்களா?"

"நெனைச்சேன். அதான் சந்தோஷமா இருக்கு."

"இன்னா பொம்பள நீங்க!"

ஹேமாவதியின் செல்போன் அடித்தது. வீடியோ கால். அவள் தொட்டதும், கழுத்தில் பதக்கத்தோடு மதிவதனியின் முகம் திரை முழுக்க மலர்ந்தது.

"மேம்! பார்த்தீங்களா மேம்? ட்ரிபிள்! கனடா போறேன்னும் சொல்லிட்டேன். போ போன்னு நீங்க சொன்னப்போ எல்லாம் கேக்கல, ஆனா குரூப்ல அந்த ஆளு எழுதுனதப் படிச்சுப் படிச்சு எனக்கே சரின்னு பட்டுடுச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன் மேம், கிளம்புறதுக்கு முன்னாடி, உங்களை அவ்ளோ கேவலமா எழுதுன அந்த ஆவடி மாமேயைத் தேடிப் பிடிச்சு நாலு அறை விடாம நான் பிளேன் ஏற மாட்டேன்!"

கண்ணீரும் சிரிப்புமாக ஜுபைதாவைப் பார்த்த ஹேமாவதி, 'சொல்லிடாதே' என்று உதட்டில் விரலை வைத்தாள்.